கால்பங்கு கழித்த காற்று

என் மாமியார் காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்புவதாக இருந்தது. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு குடை. மாற்றுச் சேலைகூடக் கொண்டுவரவில்லை. எங்கள் ஊருக்கு எதிரே கண்ணுக்குத் தெரியும் தீவில்தான் அவர் வீடு. மாமனாருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அந்தக் கண்ணுக்கு ஊற்றும் சொட்டு மருந்து தீவில் கிடைக்காது. இங்கே வந்து ஒரு பாட்டில் வாங்கி, எங்களோடு சாப்பிட்டு, மகளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்து வந்தவர். மதியத்துக்குள் பருவக்காற்று பிடித்துக்கொண்டது. மாலைப் படகு போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்பதால் பாட்டில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில், எலுமிச்சம்பழங்களுக்குப் பக்கத்தில் நின்றது. ஃப்ரிட்ஜை யார் திறந்தாலும் மாமியார் கூடத்திலிருந்து எட்டிப் பார்ப்பார். தீவில் மாமனாரிடம் இருந்த பழைய பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டால் கண்ணில் சீழ் பிடிக்கலாம், பிடித்தால் கண்ணே போகலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் தினமும் மாலை மாமியார் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மருந்து ஊற்றுவார். தலையை நிமிர்த்துங்க, மேலே பாருங்க, இமையை இழுங்க என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். பிறகு மாமனார், "கன்னத்துல விழுந்திடுச்சு" என்பார்.

நான் துறைமுகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். காற்றின் வேகம், அலையின் உயரம், கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் அளக்கும் கருவிகள் என் பொறுப்பு. அதனால் காற்றே என் பொறுப்பு என்று மாமியார் முடிவு செய்துவிட்டார். "உங்க காத்து எப்ப மாப்பிள்ளை நிக்கும்?" என்று, பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கும் நாயைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்பார்.

எனக்கு ஒரு குறை உண்டு. யாராவது கேள்வி கேட்டால் பதிலை ஆதியிலிருந்து சொல்லத் தோன்றும். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகளை நிமிர்த்தி மலையாக வைத்து, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டேன். மேற்கே இருக்கும் மலைத்தொடரில் இப்படி ஒரு வழி இருக்கிறது, இந்தப் பருவத்தில் மலைக்கு அந்தப் பக்கம் குளிர்ந்த கனமான காற்று வந்து குவிகிறது, இந்தப் பக்கம் நிலம் சூடேறிக் காற்று லேசாகிறது, கனமானது லேசானதை நோக்கி அந்த வழியாக வழிகிறது என்று விளக்கினேன். இரவில் நிலம் ஆறுவதால் விடியற்காலையில் காற்று கொஞ்சம் தணியும், வெயில் ஏற ஏற மறுபடி வலுக்கும் என்றும் சொன்னேன். மாமியார் இரண்டு தட்டுகளையும் எடுத்துக் கழுவப் போட்டார்.

"எப்படி அடிக்குதுன்னு நான் கேக்கவே இல்லியே மாப்பிள்ளை. எப்ப நிக்கும்னுதானே கேட்டேன்."

என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அவளும் பத்து நாட்களாக அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரே படுக்கையறை வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய சேலைகளில் பாதி அம்மாவிடம் போய்விட்டன.

எனக்கு எரிச்சல் காற்றின்மேல் மட்டுமல்ல. விடியற்காலையில் கடலைப் பார்த்தால் படகு போகலாம் போலத்தான் இருந்தது. ஊருக்கும் தீவுக்கும் நடுவே உள்ள கடற்கால்வாய் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. மேற்குக் காற்று அதைக் குறுக்காகக் கடக்கிறது. காற்று அலையை வளர்க்கத் தூரம் வேண்டும். குறுக்கே கடக்கும் காற்றுக்கு அந்தத் தூரம் கிடைப்பதில்லை, அதனால் அலை முழங்கால் அளவோடு நின்றுவிடும். ஆனாலும் படகு போகக் கூடாது. ஏனென்றால் விதி ஒன்று இருக்கிறது. துறைமுக ஆபீசின் மொட்டைமாடியில் ஒரு கம்பம், அதன் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றும் காற்றுமானி. சிக்னல் அறையில் அதன் முள் மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்புக் கொடி. விடியற்காலையில் பார்த்தாலும் முள் நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு என்றுதான் நின்றது.

காரணத்தைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமும் ஆத்திரமும் வந்தன. ஆபீசுக்கு மேற்கே முன்பு மீன் குளிர்பதனக் கிடங்கு மட்டும்தான் இருந்தது. சென்ற ஆண்டு அதன் பக்கத்தில் புதிய தானியக் கிடங்கைக் கட்டினார்கள். ஐந்து மாடி உயரம். இரண்டுக்கும் நடுவே ஒரு லாரி போகும் அளவுக்குச் சந்து. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதல்லவா, அதேதான். மேற்கிலிருந்து வரும் காற்று அந்தச் சந்தில் நெருங்கி, வேகம் பிடித்து, நேராக எங்கள் கம்பத்தில் வந்து மோதியது. கருவி பொய் சொல்லவில்லை. சந்தின் காற்றை உண்மையாகவே அளந்தது. நமக்குத்தான் கடலின் காற்று வேண்டியிருந்தது. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்குக்குக் கொண்டல், மேற்குக்குக் கோடை என்று நான்கு திசைக்கும் பெயர் வைத்தவர்கள், கிடங்கு மூலையில் திரும்பி வரும் காற்றுக்கு ஒரு பெயர் வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஆபீசரிடம் போனேன். அவர் கெட்டவரல்ல, சோம்பேறியுமல்ல. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கம்பத்தை இடம் மாற்றத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும், கேட்டு எழுதியிருக்கிறார், பதில் வரவில்லை. அதுவரை விதியைக் கொஞ்சம் வளைத்தால், நாளைக்கு ஏதாவது ஆனால், எந்த வளைவில் ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் விடவில்லை. ஒவ்வொரு விடியற்காலையும் அலைதாங்கிச் சுவரின் கோடிக்குப் போனேன். கடலுக்குள் நீண்டிருக்கும் அந்தக் கற்சுவரின் நுனியில் கட்டடங்களின் தொந்தரவு கிடையாது. அங்கே கைக்கருவியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அளந்து, அதே நேரத்தில் சிக்னல் அறையில் முள் என்ன காட்டுகிறது என்று போனில் கேட்டுக்கொண்டேன். நான் அளந்த ஒவ்வொரு முறையும் முள் காட்டியதில் முக்கால்பங்குதான் உண்மை. இத்தனை ஒழுங்காக வந்ததைப் பார்த்து நானே அசந்துவிட்டேன்.

கடைசியில் ஆபீசர் இறங்கிவந்தார். மறுநாள் காலையிலிருந்து முள் காட்டுவதில் கால்பங்கைக் கழித்துவிட்டுக் கொடியை முடிவு செய்யலாம் என்றார். சிக்னல் அறையில் இருப்பவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். எதையும் சொன்னபடி செய்பவர். கால்பங்கு கழிக்கவும் என்று கொட்டை எழுத்தில் எழுதி முள்ளுக்குக் கீழே ஒட்டிவிட்டார்.

அன்று மாலை மாமியார் முதல் தடவையாக எனக்குத் தன் கையால் காபி போட்டுக் கொடுத்தார். அன்றைய போனில் மாமனார், பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து அமுக்கினாலும் வெறும் காற்றுதான் வருகிறது என்றார். "உங்களுக்கும் காத்துதானா" என்ற மாமியார், நாளைக்கு வந்துவிடுகிறேன், மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார் என்றார். அந்த 'மாப்பிள்ளை'யில் வழக்கமான குத்தல் இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை துறைமுகத்துக்குள் வந்தபோது காற்று விழுந்துவிட்டது போலிருந்தது. படித்துறையில் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோலக் கிடந்தது. கம்பத்தில் பச்சைக் கொடி. முள் முப்பது காட்டியதாகவும், கழித்ததில் இருபத்திரண்டரை வந்ததாகவும் அக்கா போனில் சொன்னார். இத்தனை நாள் காத்திருந்த கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு படகில் ஏறியது. படகை ஓட்டும் மாஸ்டர் வெகுநாளைக்குப் பிறகு சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். மாமியார் ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் மருந்து பாட்டிலை இறக்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தார். துணிப்பையில் என் மனைவியின் சேலை இரண்டு இருந்தன. திருப்பித் தருவதாகச் சொன்னார்.

நான் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் இன்ஜினைக் கிளப்பினார். அப்போது மாமியார் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு ஒரே மீன் நாத்தம்? தினம் டீசல் நாத்தம்தானே வரும்னு சொல்வீங்க."

ஆமாம், சொல்லியிருக்கிறேன். குளிர்பதனக் கிடங்கின் ஜெனரேட்டர் மேற்கே இருக்கிறது. இந்தப் பருவம் முழுக்கப் படித்துறையில் அதன் புகைதான் வீசும். மீனைக் காயப்போடும் மணல்வெளி இருப்பது வடக்கே.

காற்று விழவில்லை, திரும்பியிருக்கிறது. பருவத்தின் கடைசியில் சில நாள் அது வடக்குக்குத் திரும்பும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். தானியக் கிடங்கு வளைந்து போய் ஆபீசின் வடக்குப் பக்கம் முழுவதையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது. மேற்குக் காற்றை நெருக்கிக் கூடக் காட்டிய அதே கட்டடம், வடக்குக் காற்றை மறைத்துக் குறைத்துக் காட்டும். முப்பது என்பதே குறைவு. கழிக்காவிட்டாலும் கொடி பச்சையாகத்தான் இருந்திருக்கும், ஆனால் கால்பங்கை வேறு கழித்து யாருக்கும் சந்தேகமே வராதபடி செய்திருக்கிறோம். நான் அளந்ததெல்லாம் சரிதான், ஆனால் அத்தனையையும் ஒரே காற்றில் அளந்திருந்தேன். மாமியாரைச் சீக்கிரம் படகேற்ற வேண்டும் என்ற அவசரத்தில், விதியில் 'மேற்குக் காற்றுக்கு மட்டும்' என்ற மூன்று சொற்களைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

மாஸ்டரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுச் சிக்னல் அறைக்கு ஓடினேன். திசைகாட்டி எந்தப் பக்கமும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய கட்டடத்துக்குப் பின்னால் காற்று சுருண்டு திரும்பும், அந்தச் சுருளில் மாட்டினால் திசைகாட்டி இப்படித்தான் அலையும். காற்று தளர்ந்துவிட்டதால் சுற்றுகிறது என்று அக்கா நினைத்திருந்தார். அதில் அவர் தவறு எதுவுமில்லை. "கழிச்சுத்தானே சார் சொன்னேன், நீங்க சொன்னபடி" என்று ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார்.

ஆபீசர் பக்கத்து அறையிலிருந்து வந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்து கூடக் காட்டுதுன்னீங்க. இன்னிக்குக் கொறைச்சுக் காட்டுதுங்கறீங்க. அந்தக் கருவிக்கு வாய் இருந்தா அழுதுடும்யா."

"ரெண்டுமே நிஜம் சார்."

"நான் எதை வச்சு நிறுத்தறது? மீன் நாத்தத்தை வச்சா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. நான் வரும்வரை மட்டும் கயிற்றை அவிழ்க்க வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு, கைக்கருவியோடு அலைதாங்கிச் சுவரில் ஓடினேன். பாதிச் சுவர்வரை ஒன்றும் தெரியவில்லை. கிடங்கின் மறைப்பு முடிந்த இடத்தில் யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியதுபோல் இருந்தது. கருவி ஐம்பத்தைந்தைத் தாண்டியது. வடக்குக் காற்றுக்குக் கால்வாயின் நீளம் முழுவதும் கிடைத்திருக்கிறது, அலையை நன்றாக வளர்த்திருந்தது. துறைமுக வாய்க்கு வெளியே தண்ணீர் வெள்ளையாக இருந்தது. வாயைத் தாண்டியதும் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும்தான். தெரிந்தபிறகு படகைத் திருப்ப வேண்டும், திருப்பும்போது விலாவில் அலை விழும். ஆள் நிறைந்த படகுக்கு அதைவிட ஆகாத நேரம் கிடையாது. நான் போனில் எண்ணைச் சொன்னேன். ஆபீசர் போனை வைத்தார். பச்சைக் கொடி இறங்கியது.

திரும்பி வந்தபோது படித்துறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே இலைகூட அசையவில்லை. நல்ல வெயில். இந்த அமைதியில் நின்றுகொண்டு காற்று பலமாக அடிக்கிறது என்று சொல்பவனை யாரும் நல்லவிதமாகப் பார்க்க மாட்டார்கள். ஒருவர் என் காதில் விழும்படியே, ஆபீசில் உட்கார்ந்து ஏசியில் குளிர்ந்தவனுக்கு எல்லாம் புயலாகத்தான் தெரியும் என்றார். மூட்டைகள் இறங்கின. மாமியார் மட்டும் இறங்கவில்லை.

"அத்தை, இறங்கிடுங்க. கொடி மாறிடுச்சு."

"ஏறச் சொன்னா ஏறணும், இறங்கச் சொன்னா இறங்கணும். நான் என்ன உங்க கருவியா மாப்பிள்ளை?" அவர் பிளாஸ்கை இறுக்கிப் பிடித்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. "அவருக்கு நேத்தோட மருந்து தீந்துபோச்சு. இந்தத் தண்ணியைப் பாருங்க. குளத்துலகூட இதைவிட அலை இருக்கும்."

நான் வாயைத் திறந்தேன். கிடங்கு, மறைப்பு, சுருள், கால்வாயின் நீளம் எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. ஜன்மத்தில் முதல் தடவையாக அவற்றை விழுங்கினேன்.

"வாங்க அத்தை, வந்து பாருங்க. அதுக்கப்புறமும் போகணும்னா நான் தடுக்கல."

அவர் இறங்கினார். வெயிலுக்காகக் குடையை விரித்துக்கொண்டு என் பின்னால் அலைதாங்கிச் சுவரில் நடந்தார். மறைப்பு முடியும் இடத்துக்கு வந்ததும் குடை ஒரே மடிப்பில் மேல்நோக்கித் திரும்பியது. கம்பிகள் தெறித்தன. அவர் என் கையைப் பற்றிக்கொண்டு வெளியே தெரிந்த வெள்ளைத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு தன் முதுகுக்குப் பின்னால் அமைதியாகக் கிடந்த படித்துறையைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பாட்டிலை எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தார். டாக்டரைப் போனில் பிடித்தோம். ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள் சமாளிக்கலாம், கண்ணை மூடிக் கட்டி வையுங்கள், கையைக் கொண்டுபோகாதீர்கள் என்றார். அன்று மாலை மாமியார் போனில் ஊற்றச் சொல்ல எதுவுமில்லை. கண்ணைக் கசக்காதீர்கள் என்பதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார், கட்டுக்குள்ளே மணல் உறுத்துவதுபோல இருக்கிறது என்றார். அதைக் கேட்டபின் எங்கள் மூவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் போய்ச் சேர்ந்திருப்பாரோ என்ற நினைப்பு எனக்கும் வந்தது. நிறுத்திய படகு கவிழ்ந்திருக்குமா என்பதை எந்தக் கருவியாலும் காட்ட முடியாது.

ஆபீசர் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது ஏற்பாடு சொன்னார். கம்பத்தை மாற்ற அனுமதி வரும்வரை மாடிக் கருவியை நம்ப வேண்டாம். படகு நேரத்தில் அலைதாங்கிச் சுவரின் கோடியில் ஒரு ஆள் கைக்கருவியோடு நின்று போனில் சொல்ல வேண்டும், படகு வாயைத் தாண்டும்வரை நகரக் கூடாது. எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் படித்துறைக்கு வந்ததும் டீசல் நாற்றம் அடித்தது. நான் அதை இப்படி ஆசையாக முகர்ந்ததில்லை. நான் வீட்டிலிருந்து கிளம்பியபோதே மாமியார் பிளாஸ்கில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரின் கோடிக்குப் போய்க் கருவியைத் தூக்கிப் பிடித்தேன். முப்பத்து மூன்று. முந்தைய நாளின் அலை அடங்கிக் கொண்டிருந்தது. அக்கா எதையும் கழிக்காமல் பச்சைக் கொடி ஏற்றினார்.

படகு என்னைக் கடந்து போகும்போது மாமியார் ஓரத்து இருக்கையிலிருந்து எழுந்து என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். காற்று என் பக்கமிருந்து அவர் பக்கம் வீசியதால் ஒரு எழுத்துகூட எனக்கு வந்து சேரவில்லை. கையை ஆட்டி ஏதோ காட்டினார். கோபமா என்று பார்த்தேன், தெரியவில்லை. நான் கருவியைப் பிடித்திருந்ததால் பதிலுக்குக் கையசைக்கவும் முடியவில்லை.

மாலையில் மாமனாரே கூப்பிட்டார். சொட்டு சரியாகக் கண்ணில் விழுந்ததாம். கண் சிவந்துதான் இருக்கிறது, அடுத்த வாரம் டாக்டரிடம் காட்ட வேண்டும், காற்று விட்டால். பிறகு மாமியார் போனை வாங்கினார். காலையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. ஒரே கையைத் தூக்கிட்டு நிக்கறீங்களே, வலிக்காதா? கையை மாத்திப் பிடிங்கன்னு சொன்னேன்."

கம்பத்தை மாற்றும் அனுமதி இன்னும் வரவில்லை. ஆபீசர் மூன்றாவது தடவை எழுதியிருக்கிறார். காலைப் படகுக்கும் மாலைப் படகுக்கும் நான் சுவரின் கோடியில் நிற்கிறேன். படகு பாதி வாயைக் கடக்கும்போது கையை மாற்றிப் பிடிக்கிறேன்.